சுபேதாருக்குத் தைத்த வெள்ளைப் போர்வை

"எடுங்கம்மா அத்த! ஆளு உசுரோட கீறாரு, கோடி போட வந்துட்டீங்களா?"

ரஞ்சிதம் அக்கா போட்ட சத்தத்தில் என் கை தானாக விட்டுவிட்டது. நான் பிடித்திருந்த போர்வையின் இரண்டு முனைகளும் கட்டிலில் விழுந்தன. எதிர்ப்பக்கம் நித்யா மற்ற இரண்டு முனைகளைப் பிடித்தபடியே நின்றாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே இருந்தது.

கட்டிலில் படுத்திருந்தவர் சுபேதார் கோதண்டம். ரஞ்சிதம் அக்காவின் வீட்டுக்காரர். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. நுரையீரல் கெட்டுப்போய், எழுந்து நடக்க முடியாமல் கிடந்தார். அவருக்கு மரியாதை செய்யத்தான் நாங்கள் அந்தப் போர்வையைத் தைத்துக்கொண்டு போயிருந்தோம்.

சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிய சின்ன வீடு அது. லாரி போகும்போதெல்லாம் ஜன்னல் கம்பி அதிரும். அந்த நேரம் பார்த்து ஒரு லாரியும் போகவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

அக்கா போர்வையைப் பிடித்து இழுத்தார். அது வரவில்லை. குனிந்து பார்த்தேன். சுபேதாரின் விரல்கள் அதன் ஓரத்தைப் பிடித்திருந்தன. பலமாக இல்லை. சின்னக் குழந்தை தூக்கத்தில் நம் முந்தானையைப் பிடித்திருக்குமே, அப்படி. அக்கா மறுபடி இழுத்ததும் விட்டுவிட்டார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதை நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நினைத்தேன்.

சட்டைக் கை மட்டும் தைத்தவள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் வேலை பார்த்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அங்கே நான் தைத்தது சட்டையின் இடது கை மட்டும். வலது கையை எனக்கு அடுத்த மிஷினில் தைப்பார்கள். அவ்வளவு காலம் தைத்தும் ஒரு முழுச் சட்டையை நான் தைத்ததில்லை. அதைப் படித்த ஒரு வாசகி, "பிறகு தையலையே விட்டுவிட்டீர்களா?" என்று கேட்டிருக்கிறார்.

விடவில்லை அம்மா. அதைச் சொல்லத்தான் இந்த வாரம் இங்கே வந்து நிற்கிறேன்.

இப்போது மகனோடு அயனம்பாக்கத்தில் ஃபிளாட்டில் இருக்கிறேன். எங்கள் பால்கனியில் நின்றால் ஏரி தெரியும். தண்ணீர் இருக்கும் காலத்தில் காற்றில் பாசி வாசனை வரும். ஃபிளாட்டில் எல்லாரும் வெளியூர்க்காரர்கள், படித்தவர்கள். நான் ஐந்தாம் வகுப்பு. புது ஆள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு இன்றுவரை வராது. லிஃப்டில் யாராவது ஏறினால் பொத்தான்களையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

நித்யா பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வேலை விஷயமாகக் கொஞ்ச காலம் வெளிநாட்டில் இருந்தபோது, அங்கே பெண்கள் ஒன்றுகூடிப் பட்டாளத்துக்காரர்களுக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைத்துக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறாள். குவில்ட் என்று பெயராம். இங்கே வந்ததும் ஃபிளாட்டில் தைக்கத் தெரிந்தவர்கள் யார் என்று கேட்டிருக்கிறாள். என் மருமகள் என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டாள்.

"ஏனுங்கம்மா, ஆவடியைச் சுத்தி எத்தனை பட்டாளத்துக் குடும்பம் இருக்குது! நாம தைக்கலாமுங்களா?" என்று கேட்டாள்.

எனக்கு முடியாது என்று சொல்லவும் வராது. அதனால் தைக்க ஆரம்பித்தேன்.

மூன்று அடுக்கு வேலை அது. மேலே ஒட்டுப்போட்ட துணி. நடுவே மெல்லிய பஞ்சு விரிப்பு. அடியில் ஒரே துணி. மூன்றையும் சேர்த்துக் கையால் நூல் ஓட்டித் தைக்க வேண்டும். மேல்துணி நித்யாவின் வேலை, நூல் ஓட்டுவது என்னுடையது. ஒவ்வொரு ஒட்டையும் இஸ்திரி போட்டுப் படிய வைக்க வேண்டும். அதற்கு எங்கள் கேட்டுக்கு வெளியே வண்டியில் கரிப்பெட்டி வைத்துத் தேய்க்கும் லட்சுமி வந்து சேர்ந்தாள்.

எங்களுக்குத் தெரிந்த ஒட்டுத்துணி என்றால் நிறம் நிறமாகத் துண்டுகள் நிரம்பியிருக்கும். நித்யா தைப்பது புது மாதிரி. பெரிதாக வெற்று இடம் விடுவாள். அதில் ஒரு மூலையில் ஒரு கோடு, ஒரு கட்டம், அவ்வளவுதான். "வெறும் இடமும் பேசணுமுங்கம்மா" என்பாள். முதலில் எனக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிந்தது. நூல் ஓட்ட ஓட்டத்தான், அந்த வெற்று இடத்தில் கண் எங்கேயும் முட்டாமல் போய்க்கொண்டே இருப்பது புரிந்தது.

பொன்னாடை மாதிரி

சுபேதாருக்கு முன்னாலும் சிலருக்குக் கொடுத்திருந்தோம். பட்டாபிராமில், பட்டாளத்தில் நாயக் பதவியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா. லீவில் வந்திருந்த ஒரு இளம் சிப்பாய்.

எல்லாருக்கும் ஒரே முறைதான். அவரை எழுந்து நிற்கச் சொல்வோம், அல்லது நாற்காலியில் உட்கார வைப்போம். பின்னாலிருந்து தோளில் போர்த்துவோம். நம் ஊரில் பொன்னாடை போர்த்துகிற மாதிரிதான். யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது. போர்த்தியதும் தானாக நெஞ்சு நிமிரும்.

பட்டாபிராம் நாயக் மட்டும், "இன்னாம்மா இது, பொன்னாடைன்னு சொல்லிட்டு மூட்டைய ஏத்துறீங்க?" என்றார். ஆனாலும் நாங்கள் கிளம்பும்வரை அதைக் கழற்றவில்லை. வெயில் காலம். கழுத்தில் வியர்வை ஓடியது.

சுபேதாரைப் பற்றிச் சொன்னவள் லட்சுமி. ரஞ்சிதம் அக்கா அவளுக்கு அத்தை முறை. "எங்க மாமா பனிமலையில நின்னவரு. யாரும் ஒரு மாலை கூடப் போட்டதில்ல" என்றாள். நித்யா அவளோடு போய் சுபேதாரிடம் பேசிவிட்டு வந்தாள். அவர் சொன்னதை வந்து எனக்குச் சொன்னாள்.

வடக்கே பனிமலையில் காவலுக்குப் போகும்போது வீரர்கள் எல்லாரையும் இடுப்பில் ஒரே கயிற்றால் கோத்துவிடுவார்களாம். பனிக்கு அடியில் பிளவு இருக்கும், மேலே தெரியாது. முன்னால் போகிறவன் விழுந்தால் மற்றவர்கள் ஓடிப்போய்ப் பிடிக்கக் கூடாது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். எல்லாரும் உட்கார்ந்தால் கயிறு நிற்கும். விழுந்தவன் தொங்கிக்கொண்டாவது இருப்பான். உடுப்புக்கு மேலே வெள்ளை அங்கி. பனியில் ஆள் இருப்பது எதிரிக்குத் தெரியாது.

அதையே நித்யா போர்வையாகச் செய்தாள். முழுக்க வெள்ளை. கீழ் மூலையிலிருந்து மேல் மூலைக்குச் சாய்வாக, விரல் அகலத்தில் பட்டாளப் பச்சைத் துணியில் ஒரு கோடு. அதுதான் கயிறு. கோட்டின் மேல் அங்கங்கே செங்கல் நிறத்தில் சின்னக் கட்டங்கள். அவை ஆட்கள். அடித்துணியும் வெள்ளைதான்.

இஸ்திரி போடும்போது லட்சுமி மட்டும் ஒரு தடவை, "இன்னாம்மா, ஒரே வெள்ளையா கீது?" என்றாள். நித்யா பனியைப் பற்றிச் சொன்னதும், "அட, ஆமா" என்று தேய்க்கத் தொடங்கிவிட்டாள். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் வேதக்கார வீடுகளில் வெள்ளை என்றால் ஞானஸ்நான உடுப்பு, புதுநன்மை உடுப்பு, கல்யாணப் புடவை. நானே வெள்ளைப் புடவையில்தான் சர்ச்சில் தாலி கட்டிக்கொண்டேன்.

சுபேதார் படுத்திருந்தார். உட்கார வைக்கலாமா என்று நாங்கள் கேட்கக்கூட இல்லை. அவரைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று, ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து விரித்து, காலிலிருந்து மெல்ல மேலே இறக்கினோம். படுத்த ஆள் மேல் புது வெள்ளைத் துணியை நான்கு முனை பிடித்து இறக்குவது எப்போது என்று தமிழ்நாட்டில் யாருக்குத் தெரியாது? எனக்கும் தெரியும். கைக்குத்தான் அன்றைக்கு அது தெரியவில்லை.

"நீயும் கூட வந்து நிக்கிறியேடி, உனக்காவது தெரிய வேணாம்?" என்று அக்கா லட்சுமியைக் கேட்டார். லட்சுமி அழுதுவிட்டாள்.

போர்வையை மடித்துக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தோம். நித்யா காரில் ஏறியதும், "வேற கலர்ல புதுசா ஒண்ணு தைச்சுக் குடுத்துடலாமுங்கம்மா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா அதுல அவரு மலை இருக்காது" என்று அவளே சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

சவரிமுத்து அண்ணன்

இந்த இடத்தில் என் அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது.

சவரிமுத்து என் உடன்பிறந்த அண்ணன். பட்டாளத்தில் லாரி ஓட்டினான். லீவில் வரும்போது அவன் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் டீசலும் பாச்சை உருண்டையும் கலந்து ஒரு வாசனை வரும். எனக்கு வேறு ஊர் என்றாலே அந்த வாசனைதான். ஒரு தடவை மிலிட்டரிக் கம்பளி ஒன்று கொண்டுவந்து என் மேல் போட்டான். உடம்பெல்லாம் அரித்தது. "இத்த போத்திகினு எப்டிண்ணா தூங்குற?" என்று கேட்டேன். "தூங்குறதா? யாரு தூங்குனா?" என்று சிரித்தான்.

பட்டாளத்தை விட்டு வந்த பிறகு ஆவடியில் ஷேர் ஆட்டோ ஓட்டினான். பஸ் ஸ்டாண்டில் டிராஃபிக் போலீஸ்காரர் அவனை விரட்டுவதை ஒரு நாள் பார்த்தேன். தான் யார் என்று அவன் சொல்லவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

அவன் செத்த அன்று பட்டாளத்துக்காரர்கள் சங்கத்திலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். மெடல் எல்லாம் குத்திக்கொண்டு வந்து, மலர்வளையம் வைத்து, ஜரிகை போட்ட சால்வையை அவன் மேல் போர்த்தி, விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்கள். தெருவே பார்த்தது. பெருமையாகத்தான் இருந்தது.

அவர்கள் போன பிறகு அண்ணி அந்தச் சால்வையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "இத்த ஒரு நாளு முன்னாடி போட்டிருந்தா, உங்கண்ணன் கழுத்த நிமித்திகினு இந்தத் தெருவ ஒரு சுத்து சுத்திட்டு வந்திருப்பாரே, மேரி."

அதனால்தான் நித்யா கேட்டதும் நான் தைக்க உட்கார்ந்தேன். முடியாது என்று சொல்ல வராதது பாதிக் காரணம்தான்.

சுபேதாரின் மூச்சு இழுப்பதை நான் பார்த்திருந்தேன். நாள் அதிகம் இல்லை. அந்த விரல்கள் ஓரத்தைப் பிடித்திருந்ததை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்னொரு ஆளும் மரியாதையைச் செத்த பிறகுதான் வாங்கிக்கொள்ளப் போகிறார். அதுவும் என் கையால் தைத்தது பைக்குள் கிடக்கும்போதே.

மதில் மேல் பை

ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் சென்னீர்குப்பத்துக்குப் பஸ் ஏறினேன். பூந்தமல்லியில் இறங்கி இன்னொரு பஸ். மடியில் கட்டைப்பை. அக்கா வீட்டில் என்ன பேச வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அக்கா கேட்டைத் திறந்ததும் எல்லாம் போய்விட்டது.

"அத்த எடுத்துகினு உள்ள வராத" என்றார்.

பையை மதில் மேல் வைத்தேன்.

"அங்க வெச்சா எவனாச்சும் தூக்கினு பூடுவான். அப்பால என்னிய கேக்காத."

"போனா போவட்டும்க்கா."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அன்னிக்கு வாயத் தொறக்காம நின்ன ஆளுதானே நீ? பேசுவியா?"

வாசற்படியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். சொம்பு காலியாகும்வரை குடித்தேன், பேசாமல் இருக்கலாமே என்று. பிறகு சொம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "அக்கா, நீங்க இயுத்தப்ப அவரு ஓரத்தப் புடிச்சிகினு இருந்தாரு. நான் பாத்தேன்."

"தெரியும்."

நிமிர்ந்து பார்த்தேன்.

"இயுக்கிற கைக்குத் தெரியாதா? எனக்கு மின்னாடியா நீ பாத்துட்ட?" என்றார். பிறகு அவரும் படியில் உட்கார்ந்தார்.

"மேரிதானே உம் பேரு? கேளு மேரி. அவரு மலையில கீறப்ப எங்கூட்டு வாசல்ல ஒரு சைக்கிள் நின்னா நான் கொல்லப்பக்கம் ஓடிருவேன். போஸ்ட்மேன் பக்கத்தூட்டுக்குப் போனாக்கூட கதவச் சாத்திப்பேன். கல்யாணம் ஆன நாளா அந்தக் கோடி எப்ப வரும், எப்ப வரும்னு பாத்துகினே கீறேன். லீவுல வந்தா வெள்ள வேட்டி கட்ட வுட மாட்டேன். கலர் லுங்கிதான். தலகாணி உறை கூட வெள்ள கெடயாது எங்கூட்ல. போய்ப் பாரு. அப்டி வாசல்லயே நிறுத்தி வெச்சத நீங்க நாலு முனையப் புடிச்சி நடுவூட்டுக்குக் கொண்டாந்துட்டீங்க."

அவர் அழவில்லை. முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தார், வேர்வையைத் துடைக்கிற மாதிரி.

எனக்கு எழுந்து போய்விட வேண்டும் போல இருந்தது. போகவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு அண்ணனைப் பற்றிச் சொன்னேன். டிரங்குப் பெட்டி, ஷேர் ஆட்டோ, சால்வை, அண்ணி சொன்னது, எல்லாம். கோர்வையாக வரவில்லை. முன்னதைப் பின்னால் சொன்னேன். ஆனால் சொல்லி முடித்தேன். இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

கடைசியில் அக்கா, "சரி, அந்த வெள்ளைய மாத்து" என்றார்.

"மேல மாத்துனா அவரோட மல போயிரும்க்கா. அடிப்பக்கம் மாத்தலாம். நீங்க கட்டிப் பழசான பொடவ ஒண்ணு குடுங்க. கோடின்னா புதுசுதானே? கட்டுன துணி கோடி ஆவாது."

அக்கா யோசித்தார். அப்போது உள்ளே கட்டிலிலிருந்து இருமல் கேட்டது. இருமல் நின்றதும் குரல் வந்தது. மெல்லிய, ஆனால் வரிசையில் நிற்பவர்களுக்குக் கட்டளையிட்ட குரல்.

"அந்த அரக்குப் பொடவயக் குடு."

"இன்னாயா, எல்லாத்தையும் கேட்டுகினா படுத்துகினு கீற?" என்று அக்கா உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார். "அது பாதி கிழிச்சி கைப்பிடித் துணி ஆயிடுச்சி!"

"மீதியக் குடு."

அக்கா எழுந்து உள்ளே போனார். போகும்போது என்னைப் பார்க்காமல், "பைய எடுத்துகினு வா. வெயில்ல காயுது" என்றார்.

பிரித்தது

பாதிப் புடவை பின்பக்கம் முழுக்க எட்டாது. மீதிக்கு என் பழைய புடவை ஒன்றைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு? எங்கூட்டுக்காரரு மேல உம் பொடவ இன்னாத்துக்கு?" என்றார் அக்கா. எனக்குக் காது சுட்டது. உள்ளேயிருந்து சுபேதார் சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. அக்காவே இன்னொரு பழைய புடவை எடுத்துவந்தார். மாம்பழ நிறம், வெளுத்துப்போனது.

தைப்பதைவிடப் பிரிப்பது கடினம். நான் ஓட்டிய நூலை நானே பிளேடு வைத்து வெட்டி, மேல்துணியில் கீறல் படாமல் உருவ வேண்டும். மத்தியானங்களில் சுபேதாரின் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து நானும் அக்காவும் உட்காருவோம். வெட்டுவது நான், நூலைப் பொறுக்குவது அவர். அக்காவின் முந்தானையெல்லாம் வெள்ளை நூலாக ஒட்டியிருக்கும்.

சுபேதார் அதிகம் பேச மாட்டார். மூச்சு கிடைக்கும்போது ஒன்றிரண்டு சொல்வார்.

"மல மேல சத்தமே இருக்காதும்மா. காக்கா குருவி கெடயாது. நம்ம காதுக்குள்ள நம்ம ரத்தம் ஓடுறதுதான் கேக்கும். அதான் ரோட்டாண்ட மனை வாங்குனேன். லாரி சத்தம் கேட்டாத்தான் தூக்கம் வருது."

"காத்தோட்டமா உள்ள தள்ளி வாங்கலாம்னு தலபாடா அடிச்சிகினேன்" என்றார் அக்கா. "இத்தினி வருசம் கழிச்சி இப்பத்தான் காரணம் சொல்றாரு, அதுவும் உங்கிட்ட."

ஒரு நாள் அவர் கையை நீட்டினார். மேல்துணியை அவர் பக்கம் தூக்கிப் பிடித்தேன். பச்சைக் கோட்டின் மேல் விரலை வைத்து மெல்ல ஓட்டினார். ஒவ்வொரு கட்டத்திலும் விரல் நின்றது. ஒவ்வொன்றுக்கும் ஏதோ பெயர் சொன்னார், உதடு மட்டும் அசைந்தது. நடுவில் ஒரு கட்டத்தில் நெடுநேரம் நின்றது. அக்கா எழுந்து டீ போடப் போய்விட்டார். நான் துணியை இறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

லட்சுமி சொல்லித் தெரிந்து, ஞாயிற்றுக்கிழமை நித்யா வந்தாள். அக்காவின் புடவைப் பின்துணியோடு மூன்று அடுக்கையும் சேர்த்துப் பாதிவரை தைத்திருந்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவள் முகம் சுருங்கியது.

"மேரிம்மா, அரக்கு மேல தெரியுதுங்க. வெள்ளைக்கு அடியில அழுத்தமான நிறம் குடுத்தா இப்படித்தான் நிழல் தட்டும். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே."

பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். பஞ்சு மெல்லியது. வெள்ளை முழு வெள்ளையாக இல்லை. அரக்குப் புடவை இருந்த இடமெல்லாம் லேசாகச் சிவந்து, விடியும் நேரத்து வானம் மாதிரி ஒரு நிறம் வந்திருந்தது. எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. ஃபிளாட்டில் வைத்துத் தைத்திருந்தால் அவளை முதலிலேயே கேட்டிருப்பேன். "பிரிச்சிடட்டுமா?" என்று கேட்டேன். திரும்பவும் பிரித்தால் சுபேதாருக்கு நாள் இருக்குமா என்பதை மட்டும் கேட்கவில்லை.

ரஞ்சிதம் அக்கா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். நித்யா தூக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்தார். கிட்டே வந்து உள்ளங்கையால் ஒரு தடவை தடவினார். அன்று இழுத்த பிறகு அதன் மேல்பக்கத்தை அவர் தொட்டது அப்போதுதான்.

"இது வெள்ள இல்ல" என்றார்.

நித்யா என்னைப் பார்த்தாள். பிறகு பாயில் உட்கார்ந்து, "ஊசி இன்னொண்ணு இருக்குதுங்களாம்மா?" என்று கேட்டாள்.

திருப்பு

போர்த்திய அன்று வெளியாட்கள் யாரையும் கூப்பிடவில்லை. நாங்கள் மூன்று பேர், அக்கா, சுபேதார், அவ்வளவுதான். லட்சுமி விடியற்காலையிலேயே வந்து மாமாவின் சட்டையைத் தேய்த்துக் கொடுத்திருந்தாள். அதைப் போட்டுவிட்டு, முதுகுக்குத் தலையணைகள் அடுக்கி, உட்கார வைத்தோம். தலையணை உறைகளைப் பார்த்தேன். அக்கா சொன்னது உண்மைதான். ஒன்றுகூட வெள்ளை இல்லை.

நித்யா போர்வையை அக்காவிடம் நீட்டினாள். "நீங்களே போடுங்க."

அக்கா வாங்கிப் பின்னாலிருந்து தோளில் போர்த்தினார். புடவைப் பக்கம் வெளியே, வெள்ளைப் பக்கம் உள்ளே. வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தார் என்று எனக்குத் தெரிந்தது.

சுபேதார் குனிந்து பார்த்துக்கொண்டார். தலையை ஆட்டினார்.

"திருப்பு."

"கம்முனு இருய்யா. இதுவே நல்லாத்தான் கீது."

"திருப்பு, ரஞ்சி. மல மேல அப்டித்தான். வெள்ள வெளிய. சூடு உள்ள."

அக்கா அதை எடுத்து, உதறாமல் மெல்லத் திருப்பிப் போர்த்தினார். பச்சைக் கயிறு சுபேதாரின் இடது இடுப்பிலிருந்து வலது தோளுக்குச் சாய்ந்து ஏறியது. உள்ளே அரக்கு நிறம் அவர் கழுத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் அந்த ஓரத்தை எடுத்துத் தாடைக்கு அடியில் செருகிக்கொண்டார். நெஞ்சு நிமிர்ந்தது. அந்த மூச்சுக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு.

லட்சுமி, "மாமா, ஒரு சல்யூட் அடி மாமா" என்றாள். அவர் அடிக்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுக்க மனமில்லை என்று நினைக்கிறேன்.

மழை தொடங்கிய சமயத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். அதுவரை அந்தப் போர்வை அவர் மேலேயே இருந்தது என்றாள் லட்சுமி.

நாங்கள் போனபோது வீடு நிறைந்திருந்தது. சங்கத்துக்காரர்கள் மலர்வளையத்தோடு நின்றார்கள். உறவுக்காரர்கள் கோடித் துணியோடு ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். கட்டிலின் காலடியில் எங்கள் போர்வை மடிக்காமல் கிடந்தது. வெள்ளைப் பக்கம் மேலே. பெரியவர் ஒருவர், யாரென்று எனக்குத் தெரியாது, அதைக் கையில் எடுத்தார்.

"வெள்ளையா நல்லா கீதே, இத்தயும் மேல போட்டுடலாமா?"

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ரஞ்சிதம் அக்கா அதுவரை யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லையாம். அப்போது பார்த்தார்.

"அத்த வையி. அது உசுரோட கீறவருக்குப் போத்துனது."

பெரியவர் வைத்துவிட்டார்.

அக்கா எழுந்து போய் அதை எடுத்துவந்து உட்கார்ந்து, பொறுமையாக மடித்தார். முனையோடு முனை சேர்த்து, வெள்ளை உள்ளே போக, புடவை வெளியே தெரிய மடித்து, மடியில் வைத்துக்கொண்டார். கோடி போட வந்தவர்களுக்குக் கொஞ்சம் நகர்ந்து வழிவிட்டார்.